ஒன்றரை மணிக்குப் பின்

மலையக இலக்கியம் பற்றி இதுகாறும் எழுந்த விமரிசனங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்டு வந்துள்ளன. தொழிலாளியின் துன்பம் உண்மையாகத் தீட்டப்பட்டுள்ளதா என்பது ஒன்று. அவனது பேச்சு வழக்கு பிழையின்றி வந்துள்ளதா என்பது மற்றது. இவ்விரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆயினும் மூன்றாவதாக ஒரு கேள்வியை இங்கு எழுப்ப விரும்புகிறோம். தோட்டத்து நாள் ஒன்றின் எந்தெந்த மணி நேரங்கள் நமது கதைகளுக்குள் வந்துள்ளன? எந்த மணி நேரம் வராமலே போயிற்று?

விடியற்காலை வந்துள்ளது. தப்போசையும், பெரட்டுக்களமும், பனியில் நடுங்கும் பெண்களும், துரையின் அதட்டலும் இல்லாத மலையகக் கதைத்தொகுதி இல்லை எனலாம். பகற்பொழுதும் வந்துள்ளது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் புகழ்பெற்ற சிறுகதையில் பெண்ணொருத்தியின் கைத்திறனும் மானமும் கொழுந்து நிறுக்கும் தராசிலேயே ஏற்றப்படுகின்றன. இரவும் வந்துள்ளது, அதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம். வராதது பிற்பகல். பாடசாலை விடும் ஒன்றரை மணி தொடங்கி, அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டுப் பெற்றோர் லயத்துக்கு இறங்கி வரும்வரை உள்ள பொழுது அது. அந்நேரத்தில் பெரியவர்கள் மலையில் நிற்கின்றனர். கதாசிரியனின் கண்ணும் அவர்களோடு மலைக்கு ஏறிவிடுகிறது. லயத்து வாசலில் எஞ்சியிருப்பவர்கள் பிள்ளைகள் மட்டுமே. அவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. எழுதவும் ஒருவரும் இல்லை.

இக்கேள்வி எமக்குத் தோன்றியது கதை படித்தபோதன்று, ஒரு மகஜரை எழுதியபோதே என்பதை ஒளிக்காமற் கூறிவிடுவது நல்லது. பதுளை மாவட்டத்தில், நாம் கற்பிக்கும் பாடசாலையைச் சூழ்ந்த தோட்டங்களின் பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் சேர்ந்து, பாடசாலை விட்ட பின்னர் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சட்டமன்றத்தாருக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தோம். தமிழ்ப் பட்டதாரி என்ற காரணத்தால் வாசகத்தை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அதில் ஒரு குறை இருப்பதை உணர்ந்தோம். அந்தக் குறையின் வேரைத் தேடிய வழியிலேதான் நமது கதைகளையும் திரும்ப எடுத்துப் படித்தோம்.

முதலில் இரவைப் பார்ப்போம். தெளிவத்தை ஜோசப் ஊவாவின் மைந்தர். 1934ல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்தவர், 2022ல் மறைந்தவர். அவரது ‘நாமிருக்கும் நாடே’ தொகுதி 1979ல் வெளிவந்தது. ‘மீன்கள்’ என்னும் கதையை வாசகர்கள் அறிவர். பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பிராவில் உறங்கவேண்டிய நெருக்கடி ஒரு குடும்பத்தை எத்தகைய அவமானத்தின் விளிம்புக்குக் கொண்டுசெல்கிறது என்பதே கதை. லயத்தின் கொடுமையைக் காட்ட இதற்கு மேல் ஒரு சாட்சியம் வேண்டுவதில்லை. எம்மைப் போன்ற ஆசிரியனுக்கு அக்கதையில் இன்னொன்றும் தென்படுகிறது. இரவில் படுக்க இடமில்லாத அதே காம்பிராவில்தான் பிற்பகலில் பிள்ளை கணக்குச் செய்யவேண்டும். அடுப்பும் அங்கேதான், தொட்டிலும் அங்கேதான், நோயுற்ற பாட்டி படுத்திருப்பதும் அங்கேதான். நாம் வகுப்பில் ‘வீட்டு வேலை’ என்று கரும்பலகையில் எழுதும்போது, வீடு என்ற ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறோம். ஜோசப்பின் கதையைப் படித்தவன் அவ்வாறு எழுதும் முன் சற்றுத் தயங்கவேண்டும்.

இங்கே இன்னொரு செய்தியையும் கவனித்தல் தகும். ஜோசப்பின் தந்தை தோட்டப் பாடசாலை ஆசிரியர். மலையக இலக்கியத்தின் முன்னோடியான ஸி.வி. வேலுப்பிள்ளை தலைக்கங்காணி ஒருவரது குடும்பத்தில் வளர்ந்தவர். பாடசாலை மணி அடித்த பின்னும் புத்தகமும் விளக்கும் உள்ள வீடு ஒன்று இவர்களுக்கு இருந்தது. இதனைப் பழிப்பாகக் கூறவில்லை. தமக்குக் கிடைத்த வெளிச்சத்தை இருவரும் லயத்தின்மீதே பாய்ச்சினர். அதற்காக மலையகம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலேயே வாழ்ந்து எழுதிய மல்லிகை சி. குமார் போன்றோரை மறந்துவிடலாகாது. ஆயினும் பிற்பகல் மூன்று மணிக்கு லயத்து வாசலில் தம்பியை இடுப்பில் வைத்திருந்த பெண் பிள்ளை, பேனாவைப் பிடிக்கும் வயது வரை பாடசாலையில் நிலைத்திருப்பது அரிது. அந்தப் பொழுது இலக்கியத்தில் வராமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறோம்.

எமது வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எட்டாந்தர மாணாக்கருக்கு ‘எனது மாலைப்பொழுது’ என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். முப்பத்தெட்டுக் கட்டுரைகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மாணாக்கர் மாலையில் நண்பரோடு பூங்காவில் பந்தாடினர். தந்தையார் செய்தித்தாள் வாசித்தார். தாயார் சிற்றுண்டி பரிமாறினார். எமது பகுதியில் பூங்கா கிடையாது. அவை கடையில் விற்கும் கட்டுரைக் கோவையிலிருந்து இறங்கி வந்த மாலைப்பொழுதுகள். ஒரு மாணவி மட்டும் நான்கு வரிகள் எழுதியிருந்தாள். பாடசாலை விட்டதும் பிள்ளைக்காம்பிராவிலிருந்து தம்பியைத் தூக்கி வருவதாகவும், பீலியில் தண்ணீர் பிடித்து விறகு அடுக்குவதாகவும், அம்மா வந்ததும் இருட்டிவிடும் என்றும் எழுதியிருந்தாள். நாம் அதற்குப் பத்துக்கு மூன்று புள்ளிகள் இட்டு, ‘மேலும் விரித்து எழுதுக’ என்று சிவப்பு மையிற் குறித்தோம். பூங்காவில் பந்தாடியவர்களுக்கு ஆறும் ஏழும் கொடுத்தோம்.

அம்மா வந்ததும் இருட்டிவிடும் என்ற அந்த வரியை விரித்து எழுத அவளுக்கு நேரம் இருந்திருந்தால் அவள் அதனை எழுதவே நேர்ந்திராது. இதனை உணர எமக்குப் பல மாதங்கள் சென்றன.

பிள்ளைக்காம்பிரா என்ற சொல்லை நகரத்து வாசகருக்குச் சற்று விளக்கவேண்டும். தாய் கொழுந்துக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளையும் ஐந்து வயதுக்கு உட்பட்டோரையும் ஆயா ஒருத்தி பார்த்துக்கொள்ளும் இடம் அது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். பல இடங்களிற் கட்டடமும் திருந்தியிருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக்காம்பிரா ஏன் வந்தது? குழந்தைமேல் வைத்த கருணையினால் மட்டும் அது வந்துவிடவில்லை. முதுகிற் பிள்ளையோடு நிரை பிடிக்கும் தாய் குறைவாகவே கொழுந்து பறிப்பாள். அவளது இரு கைகளும் முழு நாளும் தோட்டத்துக்கு வேண்டியிருந்தன. ஆகவே பிள்ளையை வைக்க ஓரிடம் வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும் அது தானே நடந்து வீடு திரும்பும். தாயின் கைகளுக்கு இடையூறு செய்யாது. அதன் பின்னர் அப்பிள்ளை பிற்பகலில் எங்கே இருக்கிறது, என்ன உண்கிறது, எதைப் படிக்கிறது என்பது உற்பத்திக் கணக்கில் வராத விஷயம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆயா உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு எவரும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையே ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆயாவாகிறது!

இந்த நிலைமை சட்டத்தின் கண்ணிற் படாமல் இருந்ததா? இல்லை. தோட்டப் பிள்ளையின் நேரத்தைப் பற்றி இந்நாட்டுச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பேசியிருக்கிறது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டத் துரைமாரின் தலையில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அத்தகைய பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. இச்சட்டங்கள் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்பட்டன என்பது வேறு கதை. கொழுந்து மடுவத்தின் ஒரு மூலையும், எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தாற் பாடசாலை என்று கணக்குக் காட்டப்பட்ட தோட்டங்கள் உண்டு. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. பிள்ளையின் நாளில் இன்ன மணி அதற்குரியது, அதில் எவரும் கைவைக்கலாகாது என்று கூறும் துணிவு ஒரு காலனித்துவச் சட்டத்துக்கே இருந்தது. பத்து மணி வரை என்று அது கோடு கிழித்தது. அக்கோடு அந்தி வரை நீளவில்லை.

பின் வந்தவற்றின் வரலாறு ஊரறிந்தது. 1945ல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் அவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 1975ல் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதி முதல், அவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. எண்பதுகளிற் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்பவர் தேர்தல் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1947ல் பதுளைத் தொகுதியின் வாக்காளர் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மலைநாட்டிலிருந்து சென்ற ஏழு இந்தியக் காங்கிரஸ் உறுப்பினருள் அவர் ஒருவர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அந்த வாக்குகளைப் பறித்தன. 1952 முதல் 1977 வரை தோட்டத் தொழிலாளியின் பெயரால் தெரிவாகிய உறுப்பினர் ஒருவரும் இல்லை. சட்டமியற்றுவோரிடம் மகஜர் கொடுப்பதற்கே ஒரு வாக்கு வேண்டும். வாக்கற்றவனின் மகஜர் வெறும் காகிதம்.

வாக்கில்லாத காலத்திலும் இம்மக்கள் பேரம் பேசத் தெரியாதவர்களாக இருந்தாரல்லர். 1940ல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமது சபையைத் தாமே தெரிந்தெடுத்து, அச்சபையைக் கலந்தே துரை நடக்கவேண்டும் என்று ஒப்புக்கொள்ளச் செய்தனர். பள்ளிக்கூடப் பாடநூலில் இதற்கு இடமில்லை. எமது மாணாக்கரின் பாட்டனார் சிலருக்கு அது செவிவழிச் செய்தியாகவேனும் தெரியும்.

இன்று வாக்கு உண்டு. 2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என்னும் மலையகத் தமிழர் இருவர் ஆளுங்கட்சி வரிசையில் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். கல்வி 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி பெருமளவு மாகாணத்துக்கும் உரிய விடயம். ஆயின் 2014ல் தெரிவான ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019ல் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறாது ஆளுநரின் நிர்வாகமே தொடர்ந்தது. நியதிச் சட்டம் ஒன்றைக் கேட்டுப் போக ஒரு சபை வேண்டாமா? எமது மகஜரின் மேலுறையில் யாருடைய முகவரியை எழுதுவது என்பதிலேயே கூட்டத்தில் ஒரு மணி நேரம் சென்றது.

இனி அந்த மகஜரையே ஓர் இலக்கியப் பிரதி போல எடுத்து விமரிசிப்போம். எழுதியவர் நாமே, ஆகவே நாம் கண்டிப்பாக இருப்பதில் எவருக்கும் மனத்தாங்கல் வராது.

முதல் வரியில் ‘பின்தங்கிய தோட்டப்புற மாணவச் செல்வங்கள்’ என்று எழுதியிருந்தோம். பின்தங்கினார் என்றால் யாவரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டனர், இவர்கள் மட்டும் மெதுவாக நடந்தனர் என்று பொருள்படும். அது உண்மையன்று. இரண்டாம் பந்தியில் ‘கருணைகூர்ந்து’ என்பது மூன்று முறை வருகிறது. உரிமையைக் கேட்கச் சென்ற பேனா, பழக்கத்தினால் சலாம் போடுகிறது. துரை பங்களாவின் பின்வாசலில் நின்று எழுதக் கற்ற நடை அது. வாக்குரிமை வந்த பின்னும் எமது கையை விட்டுப் போகவில்லை. மூன்றாம் பந்தியில் கணினி, அகலத்திரை, நவீன கற்றல் வளங்கள் என்று ஒரு பட்டியல் இட்டிருந்தோம். நான்கு வரி எழுதிய மாணவி கேட்கக்கூடியது என்ன? ஒரு வாய் சோறு, ஒரு மேசை, ஒரு மின்விளக்கு, தம்பியைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இருட்டும் முன் வீடுசேர ஒரு துணை. இவற்றுள் கடைசி இரண்டும் எமது பட்டியலில் இல்லை. ஆண் ஆசிரியர் எழுதிய மகஜர் என்பதை அது ஒன்றே காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் மிகப் பெரிய குறை, எழுதியதில் அன்று, அடித்துவிட்டதில் உள்ளது. முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. ஒன்றரை மணிக்குப் பின் இந்நாட்டில் இன்னொரு பாடசாலை தொடங்குகிறது என்பதே அவ்வரியின் கருத்து. பதுளை, பண்டாரவளை நகரங்களிற் பிற்பகல் இரண்டு மணிக்கு டியூட்டரிகளின் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஒரு வகுப்பு, கணிதத்துக்கு ஒரு வகுப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு வகுப்பு. இலவசக் கல்வி என்பது காலை ஏழரை முதல் ஒன்றரை வரை. அதன் பின்னர் கல்வி விலைக்கு. பசறை, நமுனுகுல, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து அவ்வகுப்புகளுக்கு வர பஸ் கட்டணம் வேண்டும். வகுப்புக் கட்டணம் வேண்டும். திரும்பிச் செல்லக் கடைசி பஸ் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் பரீட்சையில் விழும் இடைவெளியின் பெரும்பகுதி இந்தப் பிற்பகலிலேயே உண்டாகிறது என்பது எமது அனுபவம். காலையில் இருவருக்கும் ஒரே பாடநூல். ஒரே சீருடைத் துணி. பிற்பகலில் வர்க்கம் தன் முகத்தைக் காட்டுகிறது.

அந்த வரி ஏன் அடிக்கப்பட்டது? டியூட்டரியில் கற்பிப்பவர்கள் யார்? காலையிற் பாடசாலையிற் கற்பிப்பவர்களே. மகஜருக்குக் கையொப்பமிட வந்த ஆசிரியருட் சிலர் அவ்வரியைக் கண்டு முகம் சுளித்தனர். சம்பளம் போதாதென்பது உண்மை. கடன் வாங்கி வீடு கட்டுவோர் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைப்போர் உண்டு. ‘நம்மையே நாம் காட்டிக்கொடுப்பதா?’ என்று ஒருவர் கேட்டார். விவாதம் நீண்டது. ஒற்றுமை முக்கியம் என்று வரியை அடித்தோம். அடித்தவர்களுள் நாமும் ஒருவர். சனிக்கிழமை தோறும் நாமும் ஒரு டியூட்டரியிற் சாதாரண தர வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வருகிறோம். இதனைச் சொல்லாமல் மேற்கண்ட பந்தியை எழுதுவது நேர்மையாகாது.

அடித்த பின் மகஜர் மென்மையாயிற்று. எவரையும் குறை கூறாததாயிற்று. எந்த அலுவலகமும் பெற்றுக்கொள்ளக் கூடியதாயிற்று. பெற்றுக்கொண்ட அலுவலகம் ஒன்று ‘உரிய கவனம் செலுத்தப்படும்’ என்று இரண்டு வரியிற் பதிலும் அனுப்பிற்று. அந்தப் பதிலை நாம் குறை கூறமாட்டோம். எமது மகஜரும் அவ்வாறு கவனம் செலுத்தக்கூடிய முறையிலேதான் எழுதப்பட்டிருந்தது.

பிற நாடுகளில் இது எவ்வாறு நடந்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். சோவியத் யூனியனில் 1960 முதல் ‘நீட்டிய நாள்’ பாடசாலைகளும் வகுப்புகளும் பரந்த அளவில் ஏற்படுத்தப்பட்டன. தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் சமுதாயத்தில் பிள்ளையின் பிற்பகல் அரசின் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. அந்த நாடு இன்று இல்லை; அந்த எண்ணம் இறந்துவிடவில்லை. முதலாளித்துவத்தின் தலைநாடான அமெரிக்காவிலேயே 1994ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ், பாடசாலை முடிந்த பின் நடைபெறும் கற்றல் நிலையங்களுக்கு மத்திய அரசு நிதி கிடைத்து வருகிறது. 2017ல் ஜனாதிபதி டிரம்பின் வரவுசெலவுத் திட்ட யோசனை அந்நிதியை முழுவதும் நீக்க முற்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் தத்தம் உறுப்பினரை முற்றுகையிட்டனர். காங்கிரஸ் நிதியைத் தொடர்ந்து ஒதுக்கிற்று. இங்கே கவனிக்க வேண்டுவது யாது? அது யாரோ ஒரு தனவந்தரின் நன்கொடையாக இருந்திருப்பின் ஓர் இரவில் நின்றுபோயிருக்கும். முற்றுகையிடுவதற்கு வாசலும் இருந்திராது. சட்டத்தில் ஒரு பெயரும் வரவுசெலவில் ஒரு தலைப்பும் இருந்தமையால், அதனைக் காப்பாற்ற ஓர் இடம் இருந்தது.

நமது மொழியே வழங்கும் தமிழ்நாட்டைப் பார்ப்போம். கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. முதலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கு மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை, அவர்தம் குடியிருப்புக்கு அருகிலேயே, தன்னார்வலர் கற்பித்தனர். பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கல்வி செல்லவேண்டும் என்ற கருத்தில் எமக்கு முழு உடன்பாடு உண்டு. லயங்கள் மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் ஊவாவுக்கு அது மிகப் பொருந்தும். ஆனால் கற்பித்தவர்க்கு வழங்கப்பட்டது மாதம் 1000 ரூபா ஊக்கத்தொகை. படித்த ஏழைப் பெண்ணின் உழைப்பைத் தொண்டு என்று பெயரிட்டு மலிவாகப் பெறும் முறை அது. தேயிலைத் தோட்டத்தில் மலிவான பெண் உழைப்பைப் பற்றி நூற்றைம்பது ஆண்டு அனுபவம் உள்ள நாம், அதனைப் பிள்ளைகளின் கல்விக்காகவும் ஏற்றுக்கொள்ளலாகாது. தோட்டங்களில் உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்கள் பலர் உளர். கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றனர். அவர்களுக்கு இங்கேயே, பயிற்சியோடும் நியமனக் கடிதத்தோடும் மாதச் சம்பளத்தோடும், இப்பணி வேண்டும்.

தோட்டக் கம்பெனிகளுக்கும் இதிற் பங்கு உண்டு. 1992ல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றபோது நிலமும் லயமும் அவர்கள் கைக்குப் போயின. பிள்ளைக்காம்பிராவின் அருகே இன்னொரு அறை கட்ட இடம் இல்லை என்று எந்தத் துரையும் கூறமுடியாது. நாட்சம்பளத்தைக் கிலோக் கணக்கோடு கட்டிப்போட்டு, தாயை அந்தி வரை மலையில் நிறுத்துபவர்கள், அந்த அந்தியில் அவளது பிள்ளை எங்கே நிற்கிறது என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தொழிற்சங்கங்கள் இதுவரை சம்பளப் பேச்சில் இதனை ஒரு கோரிக்கையாக வைத்ததை நாம் கேட்டதில்லை. சம்பளம் முதன்மையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பிற்பகலும் தாயின் வேலை நேரத்தினால் உண்டானதே. ஆகவே அது தொழிற் பிரச்சினையே.

இது தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமன்று என்பதையும் மகஜர் சொல்லத் தவறிற்று. 2021ல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவக் கிராமத்துச் சிங்கள ஆசிரியரும் மாணவரும் கைப்பேசிச் சமிக்ஞையைத் தேடிக் காட்டுவழியே நடந்து மலைப்பாறைமீது ஏறிப் பாடம் நடத்தியதை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அந்தக் கிராமத்தின் தகப்பனும் எமது தோட்டத்தின் தாயும் ஒரே மகஜரிற் கையொப்பமிட முடியும். நாம் அவர்களிடம் போகவில்லை. மகஜரைச் சிங்களத்தில் எழுதவேண்டும் என்ற எண்ணமே எமக்கு வரவில்லை.

இதில் அவசரம் என்ன என்று ஒரு நண்பர் வினவினார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊவாவில் மழை பிற்பகலிலேயே வலுக்கும். ஒன்றரை மணிக்கு மணியடித்து, மண் இளகிய சரிவில் உள்ள பூட்டிய லயத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஆசிரியர் அறையின் சாளரத்தினூடே நாம் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதுண்டு.

எழுத்தாளருக்கு ஒரு வார்த்தை. மலையகத்தின் இளைய எழுத்தாளர் பலர் இன்று ஆசிரியர்கள். அந்தப் பிற்பகலின் வாசலில் மிக அருகே நிற்பவர்கள் அவர்களே. 1971ல் ‘கதைக் கனிகள்’ தொகுதி வந்தபோது, தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலைமுறை எழுதத் தொடங்கிவிட்டதென்று நாடு அறிந்தது. அந்தத் தலைமுறை லயத்தின் இரவைத் தைரியமாக எழுதிற்று. பிற்பகலை எழுதவேண்டியவர்கள் இத்தலைமுறையினர். சோகச் சித்திரம் வேண்டாம். அவை போதிய அளவு உள்ளன. அந்த மூன்றரை மணி நேரத்தில் ஒரு பத்து வயதுப் பெண் செய்யும் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, கூலி கணக்கிடும் கணக்கப்பிள்ளையின் நுணுக்கத்தோடு எழுதினாற் போதும். சட்டமன்றத்தார் அதனைப் படிப்பாரா என்பது வேறு. மகஜர் எழுதுவோர் அதனைப் படித்துப் பயன் பெறுவர். எமக்கு அத்தகைய கதை ஒன்று கிடைத்திருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நாம் மறந்திருக்கமாட்டோம்.

மகஜரின் இரண்டாம் வரைவை இம்மாதம் எழுதி முடித்தோம். ‘கருணைகூர்ந்து’ நீக்கப்பட்டது. கணினிப் பட்டியல் குறைக்கப்பட்டது. சோறு, மேசை, விளக்கு, சம்பளம் பெறும் பொறுப்பாளர், துணை ஆகிய ஐந்தும் வரவுசெலவில் ஒரு தலைப்பின்கீழ் வரவேண்டும் என்று கேட்கப்பட்டது. சக ஆசிரியர் ஒருவர் அதனைச் சிங்களத்திற் பெயர்த்துத் தந்துள்ளார். டியூட்டரி பற்றிய வரியைத் திரும்ப எழுதினோம். அதன்கீழ், இவ்விண்ணப்பத்தில் ஒப்பமிடும் ஆசிரியருட் சிலர் அத்தகைய வகுப்புகளை நடத்துவோர் என்பதையும் சேர்த்தோம். முதல் மகஜரில் ஆசிரியர் கையொப்பம் முப்பத்துநான்கு இருந்தன. இதில் இன்றுவரை பதினொன்று. பெற்றோர் பக்கத்தில் இடம் போதாமல் இரண்டாம் தாள் ஒட்டியிருக்கிறோம். அதிற் பாதிக்கு மேல் பெருவிரல் அடையாளங்கள்.